கூடவே வருகிற அடுப்பு

"மூணு அடுப்பு புள்ளே. பிரிட்ஜு. பாத்தரங் கழுவறதுக்குச் சிங்க்கு. தண்ணி டேங்க்கு வண்டிக்குள்ளயே இருக்குது. ஓட்டலத் தேடி அலைய வேண்டியதே இல்ல. ஊடே கூட வருது பாத்துக்க."

டிராவல் ஏஜெண்ட் கொடுத்திருந்த வழவழப்பான புத்தகத்தைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்து, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக் காட்டினான் குமாரவேல். பனியன் துணியின் தரம் பார்க்கிற பழக்கத்தில் அந்தத் தாளையும் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தான்.

மயிலாள் தோசைக் கரண்டியோடு நின்றபடியே குனிந்து பார்த்தாள். சினிமாக்காரர்கள் மேக்கப் போட்டுக்கொள்ளும் கேரவன் மாதிரி ஒரு வெள்ளை வண்டி. ஜெர்மனியில் வாடகைக்கு எடுத்து, மூன்று வாரம் தாங்களே ஓட்டிக்கொண்டு சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, இத்தாலி என்று சுற்றிவிட்டு, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடலாம். படுக்கை உள்ளேயே, குளியலறையும் உள்ளேயே. படத்தில் ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டே தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் பெரிய சன்னல். சன்னல் நிறையப் பனிமலை. வண்டிக்கு வெளியே மடக்கு நாற்காலி போட்டு இரண்டு ஆண்கள் மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இவ மலையப் பாக்கலீங்களா?" என்றாள் மயிலாள்.

"எவ?"

"இந்தத் தக்காளி அரியறவ."

"அரிஞ்சு முடிச்சுட்டுப் பாப்பா. தோச கருகுது பாரு."

கருகித்தான் போயிருந்தது. அதை எடுத்து அப்படியே அவன் தட்டில் வைத்தாள். அவன் புத்தகத்தைப் பார்த்தபடியே தின்று முடித்தான். கருகல் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இந்தப் பயணம் ஒரு கல்யாண மண்டபத்தில் கைகழுவும் இடத்தில் முடிவானது. குமாரவேல், நாச்சிமுத்து, இளங்கோ மூவரும் சின்ன வயதில் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். இப்போது குமாரவேலுக்கு நல்லூரில் தையல் யூனிட். நாச்சிமுத்துவுக்கு நூல் வியாபாரம். மூவரில் இளையவனான இளங்கோவுக்குப் பிரிண்டிங். துணி ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா முறை ஒழிந்த மறுவருடம் அது, இரண்டாயிரத்து ஆறு. ஆர்டர் குவிந்துகொண்டிருந்தது. "ஓடி ஓடி என்னத்தக் கண்டோம் மாப்ள, ஒருக்காக் குடும்பத்தோட வெளிநாடு போயிட்டு வந்துரலாம்" என்று நாச்சிமுத்து சொல்ல, மற்ற இருவரும் ஈரக் கையோடு தலையாட்டினார்கள்.

குடும்பத்தோடு, அதாவது பெண்டாட்டியோடு, என்ற சொல் மயிலாளின் காதுக்கு வந்து சேர்ந்தபோது அவள் அதை நம்பவில்லை. கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் நம்பினாள். போட்டோ ஸ்டூடியோக்காரன் சிரிக்கக்கூடாது என்றான். அவளால் முடியவில்லை. மூன்று முறை எடுத்தார்கள்.

இளங்கோவின் மனைவி சித்ரகலா ஒருமுறை சிங்கப்பூர் போய்வந்தவள். அவள்தான் ஓட்டல் என்பது எப்படி இருக்கும் என்று சொன்னாள். "காலைல எந்திரிச்சு, தலையச் சீவிட்டுக் கீழ போனாப் போதுங்க்கா. வரிசையா வெச்சிருப்பாங்க. வேணுங்கறத எடுத்துத் தின்னுட்டுத் தட்ட அப்படியே வெச்சுட்டு வந்தரலாம்."

"கழுவ வேண்டாமா?"

"யாரு தட்டுன்னே அவங்களுக்குத் தெரியாதுங்க்கா."

மயிலாளுக்கு மலையை விட, பனியை விட, இந்தத் தட்டுதான் பிடித்துப்போயிற்று. இரண்டு மாதமாக அந்தத் தட்டை மனதுக்குள் வைத்துவிட்டு வைத்துவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தாள். இப்போது மூன்று அடுப்பும் சிங்க்கும் கூடவே வருகின்றன என்றால்?

அவள் ஊர் பார்க்காதவள் அல்ல. வருடா வருடம் இந்த மூன்று குடும்பமும் உறவுக்காரர்களோடு வேன் பிடித்து டூர் போகும். வேனின் மேலே கியாஸ் சிலிண்டர், அண்டா, அரிசி மூட்டை. கொடைக்கானல் என்றால் அவளுக்கு நினைவுக்கு வருவது ஏரி அல்ல. சிலிண்டர் தீர்ந்துபோய் ஊதி ஊதிப் பற்றவைத்த ஈர விறகு. மூணாறு என்றால் வேனின் பின்பக்கமும் வெங்காயத் தோலும். கன்னியாகுமரியில் சூரியன் உதித்தபோது அவள் இருபது பேருக்கு உப்புமா கிளறிக்கொண்டிருந்தாள். "சூரியன் வந்துருச்சு, வா வா" என்று கூப்பிட்டார்கள். அடி பிடிக்காமல் இறக்கி வைத்துவிட்டு அவள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அது வெறும் வெயிலாக ஆகியிருந்தது.

சேவூர்ப் பக்கம் பருத்திக்காட்டில் பிறந்தவள். பத்தாவது பாஸ். கணக்கில் நல்ல மதிப்பெண். இருபது வயதில் பனியன் நகரத்து ராயபுரத்தில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது முன்னறையில் ஆறு தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மறுமாதமே ஆறு டெய்லர்களுக்கு மத்தியானச் சோறு அவள் பொறுப்பாயிற்று. பகலில் சோறு. சாயங்காலம் பிசிறு வெட்டி, ஓட்டை பார்த்து, மடித்து, கவரில் போடுவது. யூனிட் வளர்ந்து நல்லூருக்குப் போன பிறகு பிசிறு வெட்ட ஆள் வந்தார்கள். சோறு மட்டும் அவளிடமே தங்கிவிட்டது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் வந்தாலும், ஆடிட்டர் வந்தாலும், மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன் வந்தாலும் ராயபுரத்திலிருந்து கேரியர் போகும்.

ஒருமுறை டென்மார்க்கிலிருந்து ஒரு பெண் பையர் வீட்டுக்கே சாப்பிட வந்தாள். மயிலாள் காலையிலிருந்து நின்று இடியாப்பம் போலச் சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் எடுத்து வைத்திருந்தாள். அந்தப் பெண் ரசித்துத் தின்றுவிட்டு, மயிலாளைக் காட்டி இவர் என்ன வேலை பார்க்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். குமாரவேல் சிரித்துக்கொண்டே, "ஹவுஸ் வைஃப் மேடம், நத்திங்" என்றான். நத்திங் என்ற சொல்லுக்கு மயிலாளுக்குப் பொருள் தெரியும். அந்தச் சொல் மட்டும் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி இருந்துகொண்டே இருந்தது.

பத்து நாள் கழித்து நாச்சிமுத்துவின் வீட்டில் கூடினார்கள். என்னென்ன கொண்டு போவது என்பதுதான் பேச்சு. எந்த மலையைப் பார்ப்பது, எந்த ஏரியைப் பார்ப்பது என்று பேச்சு வரும் என்று மயிலாள் எதிர்பார்த்தாள். அது வரவேயில்லை.

"ரொட்டிய நம்பிப் போனம்னா ரெண்டாம் நாளே நாக்குச் செத்துப்போயிரும்" என்றான் நாச்சிமுத்து. "கொள்ளுப்பொடி, பருப்புப்பொடி எங்கூட்டுத் துளசிமணி பாத்துக்குவா. ஊறுகா, புளிக்காய்ச்சல் சித்ரகலா. ரசப்பொடி, சாம்பார்ப்பொடி மயிலா அம்மிணி. அந்தச் சந்தகை பிழியற மரத்தயும் எடுத்துக்கோணும் அம்மிணி. மலை மேல உக்காந்து சந்தகை தின்னா எப்புடி இருக்கும்."

"மூணு இரும்புக் காலு வெச்சதுங்ணா அது" என்றான் இளங்கோ. "பெட்டிக்குள்ள பாத்தான்னா கஸ்டம்ஸ்காரன் பீரங்கின்னு புடிச்சு உள்ள வெச்சுருவான்."

எல்லோரும் சிரித்தார்கள். மயிலாள் சிரிக்கவில்லை. நாச்சிமுத்துவின் மனைவி துளசிமணி, கொள்ளை எவ்வளவு வறுப்பது என்று அதற்குள் யோசிக்க ஆரம்பித்துவிட்டது அவள் முகத்திலேயே தெரிந்தது. துளசிமணி அப்படித்தான், ஒரு வேலையைச் சொன்னால் முகம் உடனே அதற்குள் போய்விடும்.

"எதுக்கும் ஒரு சாம்பிள் போட்டுப் பாத்தரலாம்" என்றான் குமாரவேல்.

இந்த ஊரில் சாம்பிள் போடாமல் எதுவும் நடக்காது. ஒரு பனியனை முதலில் தைத்து அனுப்புவார்கள். பையர் அதைப் பிரித்து, அளந்து, துவைத்துப் பார்த்து, சரி என்றால்தான் பல்க் என்கிற மற்ற பத்தாயிரமும் தைக்கப்படும். சரியில்லை என்றால் குறையைச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். திருத்தி மறுபடியும் போட்டு அனுப்ப வேண்டும். அந்தப் பழக்கத்தில் இவர்கள் எதற்கும் சாம்பிள் போடுவார்கள். வீடு கட்டும் முன்னால் சாம்பிள் சுவர். மகள் கல்யாணத்துக்கு முன்னால் சாம்பிள் பந்தி. பயணத்துக்குச் சாம்பிள் போட்டவர்கள் இவர்களாகத்தான் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்லூர் யூனிட்டின் மொட்டை மாடியில், ஆட்கள் சாப்பிடுவதற்காகப் போட்டிருந்த தகரக் கொட்டகையின் அடியில், வீட்டுவண்டி பிறந்தது. டேப் பிடித்து அளந்து, புத்தகத்தில் இருந்தபடியே சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் வரைந்தார்கள். இருபத்து மூன்று அடி நீளம், ஏழரை அடி அகலம். முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அது ஓட்டுகிறவர்களுக்கு. நடுவில் ஒரு மேசை, சுற்றி உட்காரப் பலகை. பின்னால் படுக்கைக்கு மூன்று கோடு. பக்கவாட்டில் இரண்டடி அகலத்தில் ஒரு கட்டம். அதில் கியாஸ் அடுப்பையும் தண்ணீர் வாளியையும் கொண்டுவந்து வைத்தான் குமாரவேல்.

"கோட்டத் தாண்டக் கூடாது. கோடுன்னா செவுரு" என்றான்.

மூன்று பெண்களும் அந்தக் கட்டத்துக்குள் நின்று சமைத்தார்கள். ஒருத்தி திரும்பினால் இன்னொருத்தி ஒதுங்க வேண்டும். துளசிமணி குனிந்தால் சித்ரகலா வயிற்றை உள்ளிழுத்துக்கொள்ள வேண்டும். முன் நாற்காலியில் குமாரவேல் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நாச்சிமுத்து வழி சொன்னான். இளங்கோ மேசையருகே உட்கார்ந்து அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, உங்க முழங்கை செவுத்துக்கு வெளிய போயிருச்சு" என்றான் இளங்கோ.

"அதாச்சும் வெளிய போகுட்டும்" என்றாள் மயிலாள்.

அரிசிம்பருப்புச் சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல். மேசைக்கு நான்கு பேர்தான் கொள்ளும் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆண்கள் மூவரும் உட்கார்ந்தார்கள். நாலாவது இடத்தில் சோற்றுக் குண்டா உட்கார்ந்தது. பரிமாறியபோது மயிலாள் யாருக்கும் இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்கவில்லை. அதை யாரும் கவனிக்கவுமில்லை. அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

தின்று முடித்ததும் குமாரவேல் எழுந்து, இல்லாத கதவைத் திறந்து, கோட்டைத் தாண்டி வெளியே இறங்கினான்.

"செரி, இப்பச் சுவிட்சர்லாந்து வந்துருச்சுன்னு வெச்சுக்கலாம். நாங்க எறங்கிச் சித்தச் சுத்திப் பாத்துட்டு வந்தர்றோம். நீங்க சாப்டுட்டு, கழுவி ஏறக்கட்டி வெச்சுருங்க. பொறவு கெளம்பலாம்."

மூவரும் மாடிப்படி இறங்கினார்கள். கீழே பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. பஸ் ஸ்டாப் அருகே பேக்கரிக்குப் போகிறார்கள். டீ, பப்ஸ், அரட்டை.

மயிலாள் அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை நின்றாள். முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பு வந்த இடத்திலேயே நின்று வேறொன்றாக மாறியது. இது சாம்பிள். வெறும் சாக்கட்டிக் கோடு. மலை இல்லை, பனி இல்லை, ஒரு புல்கூட இல்லை. இருப்பது நல்லூர்ப் பேக்கரி. பொய்க்குக்கூட, ஒரு விளையாட்டுக்குக்கூட, இல்லாத சுவிட்சர்லாந்தைப் பார்க்கக்கூட இவளைக் கூப்பிட வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. கூப்பிட்ட பிறகு இவள் வரமாட்டேன் என்றிருந்தாலாவது ஒரு ஞாயம் உண்டு.

துளசிமணி தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"வெச்சுருங்க துளசி."

"வந்தாச் சத்தம் போடுவாங்க மயிலாக்கா."

"போடட்டும். சாப்டலாம் வாங்க."

மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ரசம் ஆறிப்போயிருந்தது. சாப்பிட்டுவிட்டுத் தட்டுகளை அப்படியே வைத்தார்கள். மயிலாள் போய் ஓட்டுகிறவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். சித்ரகலா பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள். துளசிமணிக்கு மட்டும் கை சும்மா இருக்க முடியவில்லை. முந்தானையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். எச்சில் தட்டில் எறும்பு ஏறியது.

ஆண்கள் பப்ஸ் பொட்டலத்தோடு திரும்பி வந்தார்கள்.

"இதென்ன, இன்னும் கழுவலியா?" என்றான் குமாரவேல்.

"சாம்பிள் ரிஜெக்ட்டுங்க" என்றாள் மயிலாள், எழுந்திருக்காமல்.

இளங்கோ சிரித்தான். "என்ன டிபெக்ட்டுங்க்கா? அளவுல கொறையா, தையல்ல கொறையா?"

"ஆறு பேரு போறோம்னு சொன்னீங்க. போறது மூணு பேருதான். மூணு பேரு ஊட்டுலயே இருக்கறாங்க. அது கொறையா இல்லீங்களா?"

இளங்கோவின் சிரிப்பு நின்றது.

"வெளையாடாத மயிலா" என்றான் குமாரவேல்.

"நான் வெளையாடலீங்க. நீங்கதான் தரையில கோடு போட்டு வெளையாடுனீங்க. அடுப்பு முன்னால நிக்கறதுக்கு ஏரோப்ளேன் எதுக்குங்க? இங்கயே நின்னுக்கறேன். இங்கயாச்சும் முழங்கை நீட்ட எடமிருக்குது."

"அப்ப நீ வர வேண்டாம் போ. இருந்துக்க. நாங்க மூணு பேரும் போயிக்கறோம்."

அதைச் சொன்ன வேகத்தில் அவனுக்கே அது கொஞ்சம் அதிகம் என்று பட்டிருக்க வேண்டும். ஆனால் நண்பர்கள் நிற்கும்போது சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது.

"வருவனுங்க" என்றாள் மயிலாள். குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. "பாஸ்போர்ட்டு எம் பேர்லதான் இருக்குது. மூணு தடவ போட்டோ எடுத்தது நான். வர்றதும் வருவேன். சோறும் ஆக்க மாட்டேன்."

விசாவுக்கு ஆறு பேரின் பாஸ்போர்ட்டையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டும் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தான். மாடியிலிருந்து வீடு திரும்பிய அன்றைக்கே மயிலாள் தன்னுடையதை எடுத்துத் தன் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். அடுத்த நாள் சித்ரகலா போன் செய்து, தன்னுடையதும் தன் கையில்தான் இருக்கிறது என்றாள். துளசிமணி வறுத்துவைத்த கொள்ளு அரைக்கப்படாமல் அப்படியே கிடக்கிறது என்று தெரியவந்தது.

அந்த வாரம் குமாரவேல் வீட்டில் பேசவில்லை. மயிலாள் வழக்கம்போலச் சமைத்தாள். அவன் வழக்கம்போலத் தின்றான். பேச்சுத்தான் கோபித்துக்கொண்டது, வயிறு கோபித்துக்கொள்ளவில்லை. கோயமுத்தூரில் படிக்கும் மகள் கவிப்பிரியா போனில், "அம்மா, அப்பா எங்கிட்ட வந்து உன்னப் பத்திக் கம்ப்ளெயிண்ட் பண்றாரு" என்றாள்.

"என்னன்னு?"

"நீ மாறிட்டியாம்."

"நான் மாறல கண்ணு. அவரு இப்பத்தான் பாக்கறாரு."

புதன்கிழமை நாச்சிமுத்து சமாதானம் பேச வந்தான். குமாரவேல் உள்ளறையில் டிவி பார்க்கிற மாதிரி இருந்தான். டிவியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது கேட்டது.

"அம்மிணி, இப்படிப் பண்ணலாம். மூணு நேரமும் வேண்டாம். ஒரு நேரம் மட்டும் ஆக்குனாப் போதும்."

"எந்த நேரமுங்ணா?"

"ராத்திரிக்கு."

"பகல்ல வண்டி ஓடும். பொழுது சாயத்தான் எங்கயாவது நிக்கும். நிக்கறப்பத்தான எறங்கிப் பாக்க முடியும். அப்ப நான் குண்டாவப் பாத்துட்டு நிக்கோணுமா?"

நாச்சிமுத்து தலையைச் சொறிந்தான். "ஆம்பளைங்க நின்னு ஆக்குனா நாலு பேரு சிரிப்பாங்களே அம்மிணி."

"அந்த ஊர்ல நம்மளத் தெரிஞ்ச நாலு பேரு யாருங்ணா?"

நாச்சிமுத்து உள்ளறைக் கதவைப் பார்த்தான்.

"கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்கு ஆக்கறது ஆம்பளைங்கதான்" என்று மயிலாளே தொடர்ந்தாள். "அவங்களப் பாத்து யாரும் சிரிக்கறதில்ல. மாஸ்டருன்னு கூப்பிடறாங்க. இருவத்தி மூணு வருசத்துல என்னை ஒருத்தரும் மாஸ்டருன்னு கூப்புட்டதில்லீங்க."

உள்ளறையிலிருந்து குமாரவேலின் குரல் வந்தது. மூன்று நாளில் முதல் குரல். "எனக்கென்ன ஆக்கத் தெரியாதா? கல்யாணத்துக்கு முன்னால ரூம்ல நாந்தான் ஆக்குவேன். கேட்டுப் பாரு நாச்சிமுத்துகிட்ட."

"தெரியாதுன்னு யாருங்க சொன்னாங்க" என்றாள் மயிலாள் சுவரைப் பார்த்து. "நிக்க மாட்டீங்க. அவ்வளவுதான்."

அந்த ஒரு வார்த்தை அவனைக் குத்திவிட்டது. ரிஜெக்ட் ஆன சாம்பிளைத் திருத்தி மறுபடி அனுப்பாமல் விட்டால் ஆர்டர் போய்விடும் என்பது இருபது வருடமாக அவன் ரத்தத்தில் இருக்கிற பாடம். அது அவனை மாடிக்கு ஏற்றியது என்று சொல்லலாம். ஏஜெண்ட் தினமும் போன் செய்ததும் ஒரு காரணம்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் மொட்டை மாடி. நடுவில் பெய்த மழையின் சாரலில் வண்டி பாதி அழிந்திருந்தது. இளங்கோ மறுபடி வரைந்தான். இம்முறை அடுப்புக் கட்டத்துக்குள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குமாரவேல் நின்றான். நாச்சிமுத்து வெங்காயம் உரித்து அழுதான். இளங்கோ பாத்திரம் கழுவுவதற்கு என்று ஒப்புக்கொண்டு, கழுவ எதுவும் சேரும்வரை கைகட்டி நின்றான்.

மயிலாள் சன்னல் என்று வரைந்திருந்த கோட்டின் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே நல்லூரின் மாடிகள். எல்லா மாடியிலும் தண்ணீர்த் தொட்டி. கீழே சந்தில் ஒரு தண்ணீர் லாரி உள்ளே வரமுடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வடக்கிலிருந்து வேலைக்கு வந்திருந்த பையன்கள் இரண்டு பேர் பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே இந்தியில் சண்டை போட்டார்கள். பார்க்க நிறைய இருந்தது. ஆனால் தான் எதையும் பார்க்கவில்லை என்பது கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் புரிந்தது. கண் அங்கே இருந்தது. காது முழுக்க முதுகுக்குப் பின்னால் இருந்தது. எண்ணெய் காய்வதற்குள் கடுகு போட்டுவிட்டான். தீ அதிகம். பருப்பு ஊறவில்லை. குக்கர் வெயிட் சரியாக உட்காரவில்லை.

அவளுக்குத் தன் காதின் மேலேயே கோபம் வந்தது. இந்தக் காதை அடுப்போடு சேர்த்து வைத்துத் தைத்தது யார்? எந்த மெஷினில் தைத்தார்கள், ஒரு நூல்கூட விடாமல்?

"மயிலா, உப்பு எத்தன போடறது?"

நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். துளசிமணி வாயைத் திறந்தபோது சித்ரகலா அவள் தொடையைத் தொட்டாள்.

"மயிலா, உன்னத்தான்."

"வெளிய பாத்துட்டு இருக்கறனுங்க" என்றாள்.

அவன் தன் கணக்குக்கு ஒரு கை அள்ளிப் போட்டான்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. குக்கர் அடங்கியதும் குமாரவேல் இடுப்பில் கைவைத்துப் பின்னால் வளைந்தான். நெற்றி வேர்வை மூக்கு நுனிவரை வந்திருந்தது. "இடுப்பு ஒடஞ்சு போச்சு மயிலா" என்றான் தணிந்த குரலில். ஒரு வாரத்தில் அவன் அவளிடம் மென்மையாகச் சொன்ன முதல் வார்த்தை. தனக்கு இரக்கம் வரும் என்று அவள் நினைத்தாள். வரவில்லை. வந்தது வேறு. நிற்பது வலிக்கும் என்பது இவனுக்கு இன்றைக்குத்தான் செய்தி. இவள் நின்றதையெல்லாம் இவன் என்னவென்று நினைத்திருந்தான்? தூண் நிற்கிற மாதிரி என்றா?

"வலிக்குமுங்க" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி சன்னல் கோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெண்கள் மூவரும் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்கள். குமாரவேல் பரிமாறினான். சோறு ஒரு பக்கம் குழைந்து ஒரு பக்கம் நறுக்கென்று இருந்தது. உப்பு தூக்கலாகவே இருந்தது. மயிலாள் அதையும் சாப்பிட்டாள். அவன் தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு, நாலாவது இடத்தில் அப்பாடா என்று உட்கார்ந்து, முதல் கவளத்தைப் பிசைந்தான்.

"ஏனுங்க, ரசம்" என்றாள் மயிலாள், தட்டை நீட்டி.

குமாரவேல் அவளைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. பிசைந்த கையோடு எழுந்து, இடது கையால் கரண்டியைப் பிடித்து ஊற்றினான். மறுபடி உட்கார்ந்தான்.

"எனக்கும் சித்த ரசங்க அண்ணா" என்றாள் துளசிமணி.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலை குனிந்துகொண்டாள், ஆனால் தட்டை இழுத்துக்கொள்ளவில்லை. அவன் மறுபடி எழுந்தான்.

சாப்பாடு முடிந்தது. மூன்று ஆண்களும் கோட்டுக்கு உள்ளே வரிசையாக நின்றார்கள். முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு. ஒரு நாள் ஒரு நேரம் ஆக்கியதற்கு மாலைக்குக் கழுத்தை நீட்டி நிற்கிறார்கள் என்று மயிலாளுக்குத் தோன்றியது.

"என்ன அம்மிணி, அப்ரூவலா?" என்றான் நாச்சிமுத்து.

"சாம்பிள் பரவால்லீங்க" என்றாள் அவள். "ஆனா சாம்பிள் எல்லாரும் நல்லாத்தாம் போடறாங்க. பல்க்குலதான சொதப்பறாங்க."

இளங்கோ இருமினான். பையர்களின் வாயிலிருந்து அந்தப் பேச்சைக் கேட்காதவன் அந்த மாடியில் ஒருவனும் இல்லை.

"அதுக்கு?" என்றான் குமாரவேல்.

"நாளைலருந்து ஊட்டுல நீங்க ஆக்குங்க. கெளம்பற வரைக்கும். அங்க போயி ஆளுக்கொரு நாளு ஆக்கறதுன்னா எம் மொறைக்கு நானும் ஆக்கறேன். மொறைன்னா மொறை. ஆறு பேரு போனா ஆறு மொறை."

இளங்கோ குனிந்து தட்டுகளை எடுக்க ஆரம்பித்தான்.

அன்று இரவு மயிலாள் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து, மேசைமேல் அவனுடையதன் பக்கத்தில் வைத்தாள். அவன் பார்த்தான். அவளும் அவன் பார்த்ததைப் பார்த்தாள். நன்றி சொல்லும் இடமல்ல அது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை காலை விழிப்பு வந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. சமையலறையில் விளக்குப் போடும் சத்தம். லைட்டர் மூன்று நான்கு முறை சொடுக்கியும் பற்றாமல், பிறகு பற்றியது. டப்பாக்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடப்பட்டன.

"மயிலா" என்று குரல் வந்தது. "கடுகு எங்க இருக்குது?"

அவள் சன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள். கடுகு, அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, ஒரே இடத்தில்தான் இருக்கிறது.